'ஹேப்ஹேஸர்ட்' (haphazard, திட்டமோ ஒழுங்கோ இல்லாத) என்ற ஆங்கிலச் சொல்லோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கணக்குப்பிள்ளை:
சோதிப்பதற்காகச் சில கணக்குகளை மட்டும் மாதிரியாக எடுத்த முறை 'ஹேப்ஹேஸர்ட்' என்று தணிக்கைக் குறிப்பில் எழுதியிருந்தோம். வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டு, என் பக்கம் தாளைத் திருப்பினார். "ஏனோதானோவென்று வேலை பார்த்துவிட்டு, அதை நீங்களே எழுதியும் தருகிறீர்களா?" தணிக்கையில் மாதிரி எடுப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஏ 530-லேயே அந்தப் பெயரில் ஒரு முறை இருக்கிறது. கட்டுக்கோப்பான உத்தி எதுவும் இருக்காது, ஆனால் தெரிந்தே எந்தப் பக்கமும் சாயவும் கூடாது. எவ்வளவு சொல்லியும் அவர் சமாதானம் ஆகவில்லை. அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு எங்கள் நேர்மையையே சந்தேகப்பட்டது இன்னும் உறுத்துகிறது.

புள்ளியியல் மாணவி:
மேலே சொன்னவரோடு எனக்கு உடன்பாடில்லை. மேலாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாயக்கூடாது என்று நினைத்தால் மட்டும் சாயாமல் இருந்துவிட முடியுமா? எங்கள் வகுப்பில் 1 முதல் 10 வரை மனதில் தோன்றும் எண்ணை எழுதச் சொன்னார்கள். கரும்பலகையில் 7-க்கு நேராகக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. 1, 10 பக்கம் ஆளே இல்லை. "இது ஹேப்ஹேஸர்ட். ரேண்டம் இல்லை" என்றார் ஆசிரியர். ரேண்டம் என்றால் ஒவ்வொன்றும் தேர்வாக எவ்வளவு வாய்ப்பு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்படி வாய்ப்பைக் கணக்கிட்டு எடுக்கும் புள்ளியியல் மாதிரிக்கு ஹேப்ஹேஸர்ட் முறை பொருந்தாது என்று நீங்கள் சொல்லும் அதே தரநிலைதான் சொல்கிறது.

மெய்ப்பு பார்ப்பவர்:
நேர்காணலில் ஒரு பையன் இதை 'ஹஃபஸர்ட்' என்றான். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: நடுவில் வரும் பி, எச் இரண்டும் சேர்ந்து 'ஃப' ஆகாது. ஹேப், ஹேஸர்ட் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஹேப் என்றால் தற்செயல். ஹேப்பன், பெர்ஹேப்ஸ் இரண்டிலும் இருப்பது அதுதான். ஹேஸர்ட் பழைய பகடை ஆட்டம் ஒன்றின் பெயர். இது மனதில் இருந்தால் பொருளும் குழம்பாது. திட்டமோ ஒழுங்கோ இல்லாததற்கு ஹேப்ஹேஸர்ட். அவசர அவசரமாக அரைகுறையாகச் செய்ததற்கு ஸ்லாப்டேஷ். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும் வாசிப்புக்கு டெசல்டரி. ஓடும் குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குத் தாவிய ரோமானிய வித்தைக்காரர்களிடமிருந்து வந்த சொல் அது. அப்புறம், ஊழியர் மதிப்பீட்டில் ஹேப்ஹேஸர்ட் என்று எழுதுவதைத் தவிருங்கள். படிப்பவருக்கு அது வசவாகத்தான் கேட்கும். எந்த வேலை, எந்த இடத்தில் ஒழுங்கு தவறியது என்று நேராகவே எழுதிவிடுங்கள்.