பிங் போகிறது, எஸ்எஸ்எச் மட்டும் அரை நிமிடத்தில் உறைந்துவிடுகிறது: விலான் 10க்கும் 20க்கும் இடையே என்ன சிக்கல்?

கேள்வி:
மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். பழைய மினி பிசி ஒன்றில் பிஎஃப்சென்ஸ் (ரௌட்டராகவும் ஃபயர்வாலாகவும் வேலை செய்யும் மென்பொருள்) போட்டு, அதிலிருந்து ஒரே கேபிளை எட்டு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்சுக்கு டிரங்காக (எல்லா விலானும் அந்த ஒரே கேபிளில் போகும்படி) கொடுத்திருக்கிறேன். விலான் என்பது ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது. விலான் 10 வீட்டு ஃபோன், லேப்டாப்புக்கு. 20 சர்வருக்கு. 30 கேமராக்களுக்கு. லேப்டாப் 192.168.10.25, டெபியன் லினக்ஸ் சர்வர் 192.168.20.5, எல்லாமே /24 (முதல் மூன்று எண் ஒன்றாக இருந்தால் ஒரே நெட்வொர்க்).

லேப்டாப்பிலிருந்து பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஒன்றுகூட விடுபடாமல் பதில் வருகிறது:

192.168.20.5 இலிருந்து 64 பைட், டிடிஎல்=64, நேரம்=0.6 மி.வி.

ஆனால் எஸ்எஸ்எச் (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் இணைப்பு) போட்டால் உள்ளே விடுகிறது, பாஸ்வேர்டு வாங்குகிறது, நாலு கமாண்ட் அடிக்கலாம், சுமார் முப்பது விநாடி ஆனதும் அப்படியே நின்றுவிடுகிறது. பெரிய ஃபைல் காப்பி செய்தாலும் இதே கதைதான். லேப்டாப்பை விலான் 30 போர்ட்டில் செருகினால் மணிக்கணக்கில் உறையாமல் ஓடுகிறது! கேபிளை மாற்றிவிட்டேன், ஸ்விட்சை ரீசெட் செய்து முதலிலிருந்து கட்டமைத்தும் பார்த்துவிட்டேன்.

பதில் 1:
பிங் வருகிறது என்றால் டேக் (பாக்கெட்டில் விலான் எண்ணைக் குறிப்பது), டிரங்க், கேட்வே எல்லாம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஸ்விட்சை இனித் தொடாதீர்கள். பிஎஃப்சென்ஸில் லேனுக்கு (முதல் உள் நெட்வொர்க்குக்கு) மட்டும்தான் 'எல்லாம் போகலாம்' ரூல் தானாக வரும், நாமாகச் சேர்க்கும் விலானுக்கு ரூல் எதுவும் இருக்காது. விலான் 10 பக்கம் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஃபயர்வால் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, எஸ்எஸ்எச் உறையும் அந்த நேரத்தில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
விலான் 10 இல் எங்கிருந்தும் எங்கேயும் போகலாம் என்றுதான் ரூல். லாகில் பார்த்தால் உறைந்த அதே நொடியில் 192.168.10.25 இலிருந்து 192.168.20.5 இன் 22ஆம் போர்ட்டுக்குப் போகும் பாக்கெட் சிவப்பில் விழுகிறது. காரணம் 'டீஃபால்ட் டினை' (எந்த ரூலிலும் சேராததைத் தடுப்பது), புரோட்டோகால் இடத்தில் டிசிபி:பிஏ. எல்லாம் திறந்திருக்கும்போது ஏன் தடுக்கிறது?

பதில் 2:
நீங்கள் போட்ட பிங் வரியிலேயே விடை இருக்கிறது நண்பரே. டிடிஎல்லைப் பாருங்கள், பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டரைத் தாண்டலாம் என்ற எண் அது. லினக்ஸ் பாக்கெட்டை 64 என்று வைத்து அனுப்பும், வழியில் ஒரு ரௌட்டரைத் தாண்டினால் ஒன்று குறையும். விலான் 20 இலிருந்து பிஎஃப்சென்ஸ் வழியாக 10க்கு வந்த பதில் என்றால் 63 காட்டியிருக்க வேண்டும். 64 என்றால் அந்தப் பதில் ரௌட்டர் பக்கமே போகவில்லை, சர்வரிலிருந்து நேராக உங்கள் லேப்டாப்புக்கு வந்திருக்கிறது. சர்வருக்கு விலான் 10 இலும் ஒரு ஐபி இருக்கிறதா? சர்வரில் 'ஐபி ரூட் கெட் 192.168.10.25' என்று அடித்து, சர்வர் எந்த வழியில் அனுப்புகிறது என்று பாருங்கள்.

இருந்தால் நடப்பது இதுதான். லேப்டாப்பின் சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) பிஎஃப்சென்ஸ் வழியாகப் போகிறது. சர்வரோ, 192.168.10.25 தன் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறது என்று எண்ணி, அதற்குப் பதிலான சின்-ஆக்கைப் பின்வாசல் வழியாக நேரே அனுப்பிவிடுகிறது. ஃபயர்வால் பாதிக் கைகுலுக்கலைத்தான் பார்க்கிறது, அப்படி அரைகுறையாக நிற்கும் ஸ்டேட்டை (இணைப்பைப் பற்றிய தன் குறிப்பை) அது வெகுநேரம் வைத்திருக்காது. ஸ்டேட் போனதும் அடுத்து வரும் பாக்கெட் (லாகில் விழுந்த டிசிபி:பிஏ, அதாவது இணைப்பின் நடுவில் வரும் தரவு) எந்தக் கணக்கிலும் சேராது, 'எல்லாம் போகலாம்' ரூலும் உதவாது, ஏனென்றால் புது ஸ்டேட்டைத் தொடங்க சின் வேண்டும். விலான் 30 இல் வேலை செய்ததும் இதனால்தான், அங்கே சர்வருக்குக் கால் இல்லை, அதாவது ஐபி இல்லை.

கேட்டவர்:
அண்ணா, நூற்றுக்கு நூறு சரி! அதே கேபிளில் விலான் 10ஐ டேக் செய்து சர்வருக்கு 192.168.10.5 கொடுத்திருந்ததை மறந்தே போனேன். சர்வரில் ஒரு யூஎஸ்பி பிரிண்டர் இருக்கிறது, கப்ஸ் (லினக்ஸின் பிரிண்ட் மென்பொருள்) வழியாகப் பகிர்ந்திருக்கிறேன், வீட்டு ஃபோன்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று போன வருடம் சேர்த்தது. நீங்கள் சொன்ன கமாண்டும் விலான் 10 இன்டர்ஃபேஸைத்தான் காட்டியது. அதை டவுன் செய்தேன், டிடிஎல் 63 ஆகிவிட்டது, எஸ்எஸ்எச் இரண்டு மணி நேரமாக உறையாமல் ஓடுகிறது. ஆனால் ஃபோனில் பிரிண்டர் காணாமல் போய்விட்டது.

பதில் 3:
பிரிண்டரைத் தேடுவது எம்டிஎன்எஸ், உள் நெட்வொர்க்கில் சாதனங்களைக் கண்டுபிடிக்கும் முறை. அது 224.0.0.251க்கு யூடிபி 5353 இல் போகும் மல்டிகாஸ்ட் (பல சாதனங்களுக்கு ஒரேசமயம் போவது), விலானைத் தாண்டாது. அதற்காகச் சர்வருக்கு இரண்டாவது கால் வேண்டாம். பிஎஃப்சென்ஸில் அவாஹி பேக்கேஜை நிறுவி, 10, 20 இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு விலானில் கேட்ட தேடலை மற்றதிலும் திரும்பச் சொல்லும் ரிஃப்ளெக்‌ஷனை இயக்குங்கள். கேமரா விலானைச் சேர்க்காதீர்கள். விலான் 20 ரூலில் யூடிபி 5353ஐ அனுமதியுங்கள், பிரிண்ட் வேலை போவது டிசிபி 631 இல், அது உங்கள் விலான் 10 ரூலிலேயே அடங்கிவிடும்.

ஸ்டேட் வகையை 'ஸ்லாப்பி' என்று மாற்றினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். அது ஃபயர்வாலின் சோதனையைத் தளர்த்துவது மட்டும்தான், வழி கோணலாகவே இருக்கும். இரண்டு கால் வேண்டியே தீரும் என்றால் சர்வரில் ஒவ்வொரு முகவரிக்கும் தனி ரூட்டிங் டேபிள் போட்டு 'ஐபி ரூல்' எழுதுங்கள்.

கேட்டவர்:
அவாஹி போட்டாயிற்று. முதலில் வரவில்லை, 5353 ரூலை விலான் 20க்குப் பதில் 30 இல் எழுதியிருந்தேன். மாற்றிய கொஞ்ச நேரத்தில் அம்மாவின் ஃபோனில் பிரிண்டர் பெயர் வந்தது, கரண்ட் பில் ரசீதை அங்கிருந்தே பிரிண்ட் எடுத்துவிட்டார். மூவருக்கும் மிக்க நன்றி.