விபூதிபூஷண் வறுமையை அழகாக்கிக் காட்டுகிறாரா? அடுத்து எதை வாசிக்கலாம்?

தேன்சிட்டு:
விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் வங்க நாவல் 'பதேர் பாஞ்சாலி'யை, ஆர். ஷண்முகசுந்தரம் மொழிபெயர்ப்பில், இப்போதுதான் முடித்தேன். சத்யஜித் ராய் எடுத்த படத்தை முன்பே பார்த்திருந்தாலும் புத்தகம் வேறு மாதிரி உலுக்கிவிட்டது, சிறுவன் அபுவின் அக்கா துர்கா சாகிற இடத்தில் மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் திரும்ப எடுத்தேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டில் அடுத்த வேளை உலைக்கு அரிசி கிடையாது, கூரை ஒழுகுகிறது, இந்திர் கிழவி துரத்தப்பட்டு நாதியில்லாமல் சாகிறாள். இவரோ பக்கம் பக்கமாக மூங்கில் தோப்பையும் காட்டுப்பூவையும் வர்ணித்துக்கொண்டு போகிறார். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தோழர், "இது வறுமையைத் தள்ளி நின்று ரசிக்கிற எழுத்து" என்று அடித்துச் சொன்னார். மனசு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இவர் எப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தவர்? அடுத்து எதை எடுத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்?

வெட்டாற்றங்கரை:
தள்ளி நின்று ரசித்தவர் என்று அவர் வாழ்க்கை தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள் தோழர். 1894இல் பிறந்தவர், பூர்வீகம் வங்கத்தில் பன்காவ் பக்கம் பராக்பூர் என்ற கிராமம். அப்பா மகானந்தா சமஸ்கிருதம் படித்தவர், ஊர் ஊராகப் போய்ப் புராணம் சொல்லிப் பிழைத்தவர், நம் ஊர்க் கதாகாலட்சேபக்காரர் மாதிரி. நாவலில் வருகிற அபுவின் அப்பா ஹரிஹரை நினைத்துப் பாருங்கள். மகன் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். கல்கத்தா ரிப்பன் கல்லூரியில் படிக்கும்போது கல்யாணம், அந்த மனைவி கௌரி கொஞ்ச காலத்திலேயே நோயில் இறந்துவிட்டார், அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தனியாகவே இருந்து 1940இல்தான் மறுமணம் செய்துகொண்டார். வாத்தியார் வேலை, நடுவில் ஒரு பசுப் பாதுகாப்புச் சங்கத்துக்காக ஊர் சுற்றிப் பிரசங்கம் செய்கிற வேலை, பிறகு கேலாத் கோஷ் குடும்பத்தின் ஜமீன் வேலை. அந்த ஜமீனுக்குப் பீகாரில் பாகல்பூர் பக்கம் இருந்த காட்டு நிலங்களைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில்தான் 'பதேர் பாஞ்சாலி' எழுதப்பட்டது. 'பிசித்ரா' பத்திரிகையில் தொடராக வந்து 1929இல் புத்தகமானது.

முதல் கைப்பிரதியில் துர்கா கிடையாது என்பது தெரியுமா? பாகல்பூரில் தலைமுடி கலைந்து நின்ற ஒரு கிராமத்துச் சிறுமியைப் பார்த்த பிறகு, அவள் இல்லாமல் இந்த நாவல் இல்லை என்று தோன்றி எல்லாவற்றையும் திரும்ப எழுதினாராம். அந்தத் துர்கா விஷயத்திலேயே உங்கள் நண்பருக்குப் பதில் இருக்கிறது. அவள் எதையோ திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கத்துவதும், அம்மா அவளைப் போட்டு அடிப்பதும் நினைவிருக்கும். அவள் செத்த பிறகு, ஊரைவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் அந்தத் திருட்டுப் பொருள் அபுவின் கையில் அகப்படுகிறது. படத்தில் அது மணிமாலை, குளத்தில் எறிகிறான். நாவலில் ஒரு சின்னத் தங்கக் குங்குமச் சிமிழ், மூங்கில் தோப்புக்குள் வீசிவிடுகிறான். வர்ணித்தே தீர்க்கிறார் என்று நீங்கள் சொல்கிற அதே தோப்பு! அக்காவின் மானத்தைப் புதைக்க அந்தப் பையனுக்கு வேறு இடமில்லை. அதை அழகுக்காக எழுதியது என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

பனங்காடு:
நீங்கள் தேடுவது அவருடைய 'ஆரண்யக்' நாவல். த.நா. சேனாபதி மொழிபெயர்ப்பில் 'வனவாசி' என்று சாகித்திய அகாதெமி போட்டது. சத்யசரண் என்று ஒரு படித்த கல்கத்தாக்காரன், வேலை கிடைக்காமல் திண்டாடிக் கடைசியில் நண்பன் குடும்பத்து ஜமீனுக்கு மேனேஜராகக் காட்டுக்குப் போகிறான். காட்டை வெட்டிக் குத்தகைக்கு விட்டு வருமானம் காட்ட வேண்டும், அதுதான் உத்தியோகம். போன புதிதில் ஒரே சலிப்பு, எப்போது ஊர் திரும்பலாம் என்று கிடக்கிறான், அப்புறம் அந்தக் காடு அவனை விழுங்கிவிடுகிறது. இவ்வளவு நேசித்த காட்டைத் தன் கையாலேயே துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு அழிக்கிறான். காட்டின் ஆதி தெய்வங்களிடம் மன்னிப்புக் கேட்கிறான். இதை விபூதிபூஷண் எழுதியது 1930களில்.

பசியைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த ஊர் ஜனங்களுக்குச் சோறு என்பது அபூர்வமான பண்டம். கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில், விருந்து என்றதும், அழைக்காமலேயே எங்கிருந்தெல்லாமோ நடந்து வந்து, கொட்டுகிற மழையில் திறந்த முற்றத்தில் உட்கார்ந்து சீனாப்புல் தானியமும் புளித்த தயிரும் வெல்லமும் சாப்பிடுவார்கள், அதுவே அவர்களுக்குத் திருவிழா. குந்தா என்று ஒரு ராஜபுத்திர வீட்டு விதவை வருவாள். மேனேஜர் சாப்பிட்டு மிச்சம் வைக்கிற சோற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவதற்காகக் குளிரில், இருட்டில் காத்து நிற்பாள். அது தெரிந்த பிறகு இலையில் அதிகமாகச் சோறு மிச்சம் வைக்கத் தொடங்குகிறான் அவன். எனக்கு இன்றைக்கும் தொண்டையை அடைக்கிற இடம் அது.

யுகல்பிரசாத் என்று ஒருவர் வருவார். யாரும் கேட்காமல், காசு எதுவும் கிடைக்காமல், எங்கெங்கிருந்தோ செடியும் கொடியும் விதையும் கொண்டுவந்து சரஸ்வதி குண்டி ஏரிக்கரைக் காட்டில் நட்டுக்கொண்டிருப்பார். அவருக்காகவே அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கருக்கரிவாள்:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், சண்டைக்காக அல்ல. கேள்வி கேட்டவரின் நண்பர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதே காலத்து இன்னொரு வங்க நாவலாசிரியர் மாணிக் பந்தோபாத்யாயை வாசித்துப் பாருங்கள். 'பத்மா நதிர் மாஜி'யில் குபேர் மீன் பிடிக்கிறான், படகும் வலையும் இன்னொருத்தனுடையது, பிடித்ததில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். விபூதிபூஷண் அந்தக் கணக்குக்குள் போக மாட்டார். 'வனவாசி'யில் ராஸ்பிஹாரி சிங் மாதிரி வட்டிக்காரக் கொடுமைக்காரன் வருகிறான், சரி, ஆனால் சத்யசரண் நல்ல மேனேஜராகவே கடைசிவரை இருந்துவிடுகிறான். பழங்குடி ராஜா தோப்ருவின் கொள்ளுப்பேத்தி பானுமதியிடம் பாரதவர்ஷம் என்ற பெயரைக் கேட்டிருக்கிறாயா என்கிறான், அவள் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறாள். அபாரமான இடம். ஆனாலும் அதைப் பார்ப்பது படித்த நகரத்து பாபுவின் கண்தான். மாணிக்கிடம் இருக்கிற கோபம் இவரிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு வாசிப்பதுதான் நியாயம்.

பனங்காடு:
கோபம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாபுவின் கண் என்பதை அந்த நாவல் மறைக்கவே இல்லையே அண்ணா, காட்டை அழித்த குற்றம் என்னுடையது என்று சொல்லித்தானே அவன் கதையைத் தொடங்குகிறான்! அப்புறம், கணக்கே பேசாதவர் என்றால் 'ஆதர்ச இந்து ஹோட்டல்' எழுதியிருக்க முடியாது. ராணாகாட் ரயில் பஜாரில் பெச்சு சக்ரவர்த்தி என்பவரின் ஹோட்டலில் ஹாஜாரி டாகுர் சமையல்காரர், மாதம் 7 ரூபாய் சம்பளம். அங்கே பத்மா என்ற வேலைக்காரி வைத்ததுதான் சட்டம். மீன் துண்டு எத்தனை, பருப்பில் எவ்வளவு தண்ணீர், ரயிலுக்கு ஓடுகிற பயணியிடம் எப்படிக் காசு பிடுங்குவது என்று ஹோட்டல் நடத்துகிற அத்தனை சூட்சுமமும் அதில் இருக்கிறது. அந்த மனிதர் வேலை ஓய்ந்த மதியத்தில் சூர்ணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து, தன் பெயரில் ஒரு ஹோட்டல் போட்டால் எப்படி நடத்துவேன் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

வெட்டாற்றங்கரை:
அவருடைய 'அசனி சங்கேத்' நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1943 வங்கப் பஞ்சம், தூரத்தில் எங்கேயோ சண்டை நடக்கிறது, இங்கே அரிசி விலை ஏறுகிறது, பிறகு அரிசியே இல்லை. மோதி என்ற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் பட்டினியால் சாகும்போதுதான் சோறில்லாமலே மனிதர் சாக முடியும் என்று அந்த ஊருக்கு உறைக்கிறது. சாவைப் பெரிதுபடுத்தாமல், சத்தம் போடாமல் எழுதியிருப்பார். பஞ்சத்தின் கூடவே எழுதியது, புத்தகமாக வந்தது அவர் 1950இல் காட்சிலாவில் இறந்து பல வருஷம் கழித்து. ராய் 1973இல் படமாக எடுத்தார்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி. குந்தாவைப் பற்றிப் படித்ததும் 'வனவாசி'தான் என்று முடிவு செய்துவிட்டேன், மாணிக்கையும் பிறகு எடுக்கிறேன். இணையத்தில் தேடினால் கண்ணதாசனின் சுயசரிதைதான் வந்து நிற்கிறது, எப்படி வாங்குவது?

பனங்காடு:
அது 'வனவாசம்', பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது, அதனால்தான். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லையென்றால் அகாதெமியின் விற்பனை நிலையத்தில் நேராகக் கேளுங்கள். பழைய பதிப்பு மாவட்ட மைய நூலகத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு, மொழிபெயர்ப்பு நாவல் அலமாரியில் பாருங்கள்.