இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்காக ஓர் ஓவியக் கண்காட்சி: பங்கேற்றோர் அனுபவங்கள்

ஏற்பாட்டுக் குழு உறுப்பினர், பட்டவொர்த்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காக எங்கள் சங்கம் பட்டவொர்த்தில் நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, பினாங்கு ஓவியர்களின் படைப்புகளை ஒரு வார இறுதியில் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்தோம். அதுவரை நிதி என்றால் விருந்து, விருந்து என்றால் மேசை விற்பனை என்றே பழகிவிட்ட செயற்குழுவில், ஓவியம் என்ற பேச்சு எழுந்ததும் பாதிப் பேர் சிரித்தார்கள். விருந்தில் திரளும் தொகையில் எவ்வளவு மண்டபத்துக்கும் சமையலுக்கும் பாட்டுக் குழுவுக்கும் போய்விடுகிறது என்பதைப் பொருளாளர் வாசித்துக் காட்டிய பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது. அந்த இரண்டு நாள்களில் நான் எதிர்கொண்ட மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன்; உடனிருந்தவர்களும், வேறிடங்களில் இத்தகைய கண்காட்சிகளில் பங்கேற்றவர்களும் தொடரலாம்.

முதலில் எதிர்ப்பட்டவர் கடைவீட்டின் உரிமையாளரான பெரியவர். ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது என்று நாமெல்லாம் மேடையில் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைக்குரிய சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது எங்கள் இளைஞர்கள் திகைத்துவிட்டார்கள். பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வாங்கி மெல்ல வெளியே விடுகிறது. ஆகவே, ஆணி அடித்தால் சாந்து பொருக்குப் பொருக்காக உதிரும் என்பதோடு, சுவரோடு ஒட்டித் தொங்கும் தாள் ஓவியத்தின் முதுகில் பூஞ்சையும் பிடிக்கும் என்று அவரே விளக்கினார். இறுதியில், விட்டத்திலிருந்து கம்பிகளை இறக்கி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு மாட்டினோம். கூலி கொடுத்துக் கற்க வேண்டிய பாடத்தை அவர் ஒரு குவளை தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்தபடியே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

எங்கள் மையத்தில் சிகிச்சை பெறுபவர்கள் சிலரை இரண்டாம் நாள் வேனில் அழைத்து வந்தோம். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடப்பவர்களுக்கு ஓய்வு நாளில் இன்னொரு பயணம் எளிதன்று. ஆயினும், தங்கள் பெயரால் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். ஒரு நீர்வண்ண ஓவியத்தின்முன் அவர்கள் கூட்டமாக நின்று சிரிப்பதைக் கண்டு அருகே போனேன். ஓவியர் மிகுந்த நல்லெண்ணத்தோடு வாழைப்பழமும் நட்சத்திரப் பழமும் இளநீரும் நிறைந்த ஒரு கூடையை வரைந்து தந்திருந்தார். மூன்றுமே அவர்களுக்கு ஆகாதவை. வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியத்தைச் செயலிழந்த சிறுநீரகம் வெளியேற்றாது என்பதால், அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். நட்சத்திரப் பழத்திலுள்ள நச்சோ மூளையைத் தாக்கி, ஓயாத விக்கலில் தொடங்கி வலிப்பிலும் உயிரிழப்பிலும்கூடக் கொண்டுபோய் விடக்கூடும். “நம்மள ஒரேயடியா அனுப்பி வைக்கிற கூடைய்யா இது” என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நின்ற ஓவியரின் முகம் வெளிறிப்போயிற்று. மையத்தின் தாதி அந்த ஓவியத்தை அப்போதே வாங்கிவிட்டார். புதிதாக வருபவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டை விளக்குவதற்காக, அது இப்போது எடை பார்க்கும் கருவிக்கு மேலே தொங்குகிறது.

மற்றொரு சந்திப்பு செயற்குழுவின் முடிவையே மாற்றியது. ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் ‘இதன் விலை இத்தனை முறை சிகிச்சைக்குச் சமம்’ என்று அட்டை வைத்தால் விற்பனை பெருகும் என்று சிலர் கருதி, அட்டைகளை அச்சடித்தும் கொண்டுவந்திருந்தார்கள். சிகிச்சை பெறுபவர்களுள் ஒருவரான, பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “படம் பாக்க வந்தவங்க ஏன் தம்பி என் ரத்தத்த நெனச்சிக்கிட்டு நிக்கணும்? படம் நல்லா இருந்தா வாங்கட்டும்” என்றார். அட்டைகள் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. வரிசையின் கடைசியில், ஓர் இளம் ஓவியர் கரிக்கோலால் வரைந்த இடக்கை ஒன்று இருந்தது. சிகிச்சைக்காகத் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்ததால் புடைத்து நெளிந்த குழாயும், ஊசித் தழும்புகளும் அதில் துல்லியமாகத் தெரிந்தன. அந்த அம்மா தம் கையை அதன் அருகே நீட்டி வைத்துச் சற்று நேரம் ஒப்பிட்டார். “பாத்துத்தான் வரைஞ்சிருக்கான்” என்றதோடு நகர்ந்துவிட்டார். அன்று அந்த ஓவியத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சரியானது வேறில்லை என்பது என் கருத்து.

ஓவியரான தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செபராங் பிறை

மேலே எழுதிய நண்பர் தொடாமல் விட்ட ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அறப்பணி என்று அழைப்பவர்கள் ஓவியரிடம் ஓவியத்தை இலவசமாகக் கேட்பதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. அச்சகத்துக்குப் பணம் உண்டு, கூடாரக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் உண்டு; வரைந்தவருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. அப்படிக் கேட்கப்படும்போது பரணில் கிடக்கும் பழைய படத்தையே பெரும்பாலோர் தூசு தட்டித் தருவோம், இதில் மறைக்க என்ன இருக்கிறது? இந்தச் சங்கமோ, விற்ற விலையில் பாதி ஓவியருக்கு, பாதி மையத்துக்கு என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தது. கலைக்கூடங்கள் பிடித்துக்கொள்ளும் கழிவும் பல இடங்களில் ஏறத்தாழ அவ்வளவாகத்தான் இருக்கும் என்பதால், ஓவியர்கள் எவரும் தயங்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர்வண்ணத் தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் அட்டை வைத்துச் சட்டம் போட்டால்தான் படம் நிலைக்கும். அந்தச் செலவைத் தாங்கிப் புதிய படைப்புகளையே பலரும் கொண்டுவந்ததற்கு அந்தக் கையொப்பமே காரணம். தம் பங்கையும் பின்னர் மையத்துக்கே கொடுத்தவர்கள் இருந்தார்கள். அது அவர்களாக விரும்பிச் செய்தது.

ஆனால், வாங்க வந்தவர்கள் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பாலிக் பூலாவ் வயல்வெளியை வரைந்த என் ஓவியத்துக்கு 600 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை எழுதியிருந்தேன். மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் அதை 400 வெள்ளிக்குக் கேட்டார். மையத்துக்குச் சேர வேண்டியது குறையுமே என்றேன். “அவங்க பங்குல கை வைக்கல தங்கச்சி, ஒன் பங்குலதான் கொறைக்கச் சொல்றேன்” என்று மிகுந்த கனிவோடு பதில் வந்தது. நான் இசையவில்லை. அவர் கோபித்துக்கொள்ளாமல், நேரே போய் உண்டியலில் 200 வெள்ளி போட்டுவிட்டு, வெறுங்கையோடு பேருந்து ஏறப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பாராட்டவும் வரவில்லை. அந்த ஓவியம் மறுநாள் முழு விலைக்குப் போயிற்று.

ஒரு தந்தை தம் மகளை அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் ஐந்தாம் படிவம் படிப்பவள். ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் குனிந்து குனிந்து பார்த்து, வண்ணம் எப்படி ஏறியிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவரோ என்னைத் தனியே அழைத்து, இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டார். இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் அரசு கலைக் கல்லூரியில் பயின்று, இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டி மலேசியாவின் முன்னணி ஓவியர்களுள் ஒருவராக விளங்கும் சையத் தாஜுடீன் அவர்களைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தந்தை கேட்டுக்கொண்டார். பிறகு, “நீங்க ஏன் வாத்தியார் வேலை பாக்குறீங்க?” என்றார். கேள்வி நியாயமானதுதான். மாதச் சம்பளம் வேண்டியிருக்கிறது என்பதையும், மாலையிலும் விடுமுறையிலும் வரைகிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். போகும்போது அந்தப் பெண்ணுக்கு வாழ்த்து அட்டைத் தொகுப்பு ஒன்றை அவர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த அட்டை யோசனையும் பினாங்குக்குப் புதிதன்று. பாத்திக் துணிக்குச் சாயம் ஏற்றும் மெழுகு முறையைக் கொண்டே ஓவியம் தீட்டிப் புகழ்பெற்ற சுவா தியான் தெங் அவர்களின் ஓவியம் ஒன்றை யுனிசெஃப் 1968ஆம் ஆண்டு தன் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சட்டமிட்ட ஓவியம் வாங்க இயலாத மாணவர்களும் முதியவர்களும் ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லட்டும் என்று, இசைவு தந்த ஓவியர்களின் படங்களை நாங்கள் அட்டைகளாக அச்சிட்டிருந்தோம். முதலில் தீர்ந்துபோனவை அவைதான்.

பொருளாளர், பட்டவொர்த்

கணக்கு மேசையில் அமர்ந்திருந்தவனுக்கு ஓவியங்களைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. ஆகவே மேசைக்கு வந்தவர்களைப் பற்றியே எழுத முடியும். ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர் பெரிய ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முழுத் தொகைக்கும் வரிவிலக்கு ரசீது வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் ரொக்க நன்கொடைக்கே, தனிநபராயினும் நிறுவனமாயினும், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கோர முடியும். ஓவியத்துக்குத் தருவது பொருளுக்குரிய விலை. பதிலாக ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டு அதை நன்கொடை என்று எழுதித் தந்தால், பின்னர் வருமான வரி வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரு தரப்பினரும்தான். இதை அவருடைய மேலாளரிடம் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினேன். அவர் புரிந்துகொண்டு, ஓவியத்துக்கு விற்பனை ரசீதும், தனியே அனுப்பிய தொகைக்கு நன்கொடை ரசீதும் பெற்றுக்கொண்டார். இத்தகைய நிகழ்ச்சி நடத்துவோர் இரண்டு ரசீதுப் புத்தகங்களை வெவ்வேறு நிறத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொருவர் லோரி ஓட்டுநர். துறைமுகப் படகுகளை வரைந்த ஒரு படத்தைப் பலமுறை வந்து பார்த்துவிட்டு, சம்பளம் வந்ததும் பாதியும் அடுத்த மாதம் மீதியும் தரலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அத்தகைய ஏற்பாடு எங்கள் விதிகளில் இல்லை. ஓவியரை அழைத்துக் கேட்டேன். அவர் உடனே தலையசைத்தார். விற்றதற்கு அடையாளமாகப் படத்தில் சிவப்பு ஒட்டு ஒட்டினோம். இரண்டாம் தவணையைத் தந்த நாளில், மனைவியையும் அழைத்து வந்து படத்தைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்.

முன்னாள் தன்னார்வலர், கோலாலம்பூர்

பினாங்கு நண்பர்கள் விலை எழுதி வைத்தார்கள். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில், சிறுவர் இல்லம் ஒன்றுக்காக நடத்திய கண்காட்சியில் விலையே எழுதவில்லை. அதே வட்டாரத்தில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பைச் சார்ந்த அன்னலட்சுமி உணவகம், வயிறார உண்டு மனம்போல் கொடுக்கும் முறையைப் பல ஆண்டுகளாக நமக்குப் பழக்கியிருக்கிறது. படங்களுக்கும் அது பொருந்தும் என்று நம்பினோம். இல்லப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்களும் வரைந்த படங்களை, வரைந்தவர் பெயரோடு கலந்து வைத்தோம்.

நடந்தது வேறு. பெற்றோர் ஒவ்வொருவரும் நேரே தம் பிள்ளையின் படத்திடம் போய், அதைத் தாராளமாகப் பணம் கொடுத்து வாங்கி, அதன் அருகே பிள்ளையை நிறுத்திப் புகைப்படமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். பிற்பகலில் சுவரில் மிஞ்சியிருந்தவை பெரும்பாலும் இல்லப் பிள்ளைகளின் படங்கள். அதை அந்தப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நிதி குறைவில்லாமல் சேர்ந்தது. எனினும் அந்தப் பிற்பகலை நல்ல நிகழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் நிலைமையைக் கவனித்துவிட்டு, மிஞ்சிய படங்களின் முன்னே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, வரைந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, என்ன வரைந்தாய், ஏன் இந்த நிறம் என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். எட்டு வயதுப் பையன் ஒருவன், தான் வரைந்தது வீடன்று, எல்ஆர்டி ரயில் நிலையம் என்று சற்றுக் கோபத்தோடு திருத்தினான். சுற்றிலும் ஆள் சேர்ந்தது. சில படங்கள் விற்றன.

அடுத்த முறை பெயர்களைப் படத்தின் பின்புறம் எழுதி, முன்புறம் எண்ணை மட்டும் ஒட்டினோம். தம் பிள்ளையின் கைவண்ணத்தைத் தேடிக் கண்டுபிடித்த பெற்றோர் அப்போதும் இருந்தார்கள், அவர்களைத் தடுக்க முடியாது. மற்றவர்கள் பிடித்த படத்தை எடுத்துவிட்டுப் பின்னால் திருப்பிப் பெயரைப் பார்த்தார்கள். குறைந்தபட்ச விலையாக 30 வெள்ளியும் அறிவித்தோம், ஏனெனில் மனம்போல் என்றால் எவ்வளவு என்று தெரியாமல் வெட்கப்பட்டு விலகிப் போனவர்களும் முதல் முறை இருந்தார்கள்.

ஏற்பாட்டுக் குழு உறுப்பினர், பட்டவொர்த்

பெயரைப் பின்னால் எழுதும் முறை பெரியவர்களின் ஓவியங்களுக்கு ஒத்துவராது. அங்கே பெயரும் சேர்ந்துதான் விலை. விற்காத ஓவியங்களை என்ன செய்தோம் என்று சிலர் தனியே கேட்டிருந்தார்கள். ஒரே வாரத்துக்குள் உரியவர்களிடம் வீடு தேடிப் போய் ஒப்படைத்தோம். சங்கத்தின் அலுவலகச் சுவருக்கு ஒன்றைத் தாருங்கள் என்று எவரிடமும் கேட்பதில்லை என முன்னரே முடிவு செய்திருந்தோம். அடுத்த கண்காட்சியைத் தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் வைக்க வேண்டாம் என்றும் தீர்மானித்திருக்கிறோம், ஏனெனில் அப்போது ஊரே தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் திரும்பியிருக்கும். இந்த முறை பழங்களை வரைந்தவர், அடுத்த முறை வரைவதற்கு முன் எங்கள் தாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.