மறு: ‘ரூஸ்ட்’ – கூடு இல்லை, பொந்தும் இல்லை, வேறு என்ன?

வணக்கம் நண்பர்களே,

பறவைகள் வந்து தங்கி இளைப்பாறுகிற இடத்தை ஆங்கிலத்தில் ‘ரூஸ்ட்’ (roost) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் மடற்குழுவில் ஒரே வரியில்தான் கேட்டேன். பதினேழு மடல் வந்துவிட்டது. அதில் நாலு சந்திப்பிழை பற்றியவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்று முதலிலேயே விளக்காதது என் தப்பு. மேற்குச் சிட்னியில் சில குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் பறவை பார்க்கப் போகிறோம். பரமட்டா பூங்கா, அதைவிட்டால் எங்கள் கடைத்தெருவை ஒட்டிய சின்னப் பூங்கா. அந்தச் சின்னப் பூங்காவில் நாலைந்து பெரிய அத்தி மரங்கள் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நாலரைக்கு முதல் கூட்டம் வரும். ஐந்தும் பத்துமாகக் கீச்சிட்டுக்கொண்டு தலைக்கு மேலே பாய்ந்து வந்து அத்திக்குள் இறங்கும். எல்லாம் வானவில் லோரிகீட் என்ற கிளி. நீலத் தலை, ஆரஞ்சு நெஞ்சு, பச்சை முதுகு என்று அத்தனை நிறம் இருந்தும், இலைக்குள் போய்விட்டால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சத்தம் மட்டும்தான். மரத்தடியில் நின்று பேச முடியாது, கார் நிறுத்தினால் கூரையெல்லாம் எச்சம். நன்றாக இருட்டியதும், வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி அடங்கிவிடும்.

பிள்ளைகளுக்கான துண்டறிக்கையில் ‘கிளிகள் கூடு திரும்பும் மரம்’ என்று எழுதிவைத்திருந்தேன். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒன்பது வயதிருக்கும், பைனாகுலரை இறக்கிவிட்டுக் கேட்டாள்: “மாமா, கூடு ஒண்டையும் காணேல்லையே?”

அவள் கேட்டது சரி. அங்கே கூடு கிடையாது. லோரிகீட் முட்டையிடுவது யூகலிப்டஸ் மரப்பொந்தில். நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளிக்கு மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப்போன பொந்து கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே இல்லை. கிளை முறிந்து, கறையானும் பூஞ்சையும் அரித்து, தீ தின்று, தானாகத்தான் பொந்து விழ வேண்டும். அதற்கு 100 ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் பூங்காவில் பட்டுப்போன கிழட்டு மரத்தை வெட்டினால் இங்குள்ள பறவைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆகவே பொந்து என்ற சொல்லுக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. அதை ரூஸ்டுக்கும் கொடுத்துக் குழப்ப வேண்டாம்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> ‘இராத்தங்கல்’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் ராத்திரியோடு கட்டிப்போட்டுவிடுகிறது. சிட்னி ஒலிம்பிக் பூங்காவின் நீர்ப்பறவைப் புகலிடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓதம் (கடல் பெருக்கு) ஏறிச் சேற்றுத்திட்டு மூழ்கியதும், கரைப்பறவைகள் பட்டப்பகலில் ஒதுங்கி, ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கும். அதுவும் ரூஸ்ட்தான். பெரிய ஆந்தை ஒன்று உண்டு, ‘பவர்ஃபுல் அவுல்’ என்பார்கள். பகல் முழுக்க ஒரே கிளையில், ராத்திரி பிடித்த பாசத்தின் மிச்சத்தைக் காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். (பாசம் என்றால் அன்பு இல்லை, இங்குள்ள பாஸம் என்ற மரவிலங்கு. இதற்கும் ஒரு சொல் தேவைதான் போலிருக்கிறது.)

‘துயிலிடம்’ என்பதும் அதே கதை. மேலும் ஈழத்து நண்பர்களுக்கு அந்தச் சொல் மாவீரர் துயிலும் இல்லங்களின் நினைவைக் கொண்டுவரும். கிளித் துண்டறிக்கையில் அது வேண்டாம்.

> கோழி அடைகிறது என்கிறோம். ஆகவே ‘அடைவு’.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. எங்கள் குழுவில் உள்ள கொழும்பு அக்காவிடம் காட்டினேன், சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. இலங்கையில் நகையை அடகு வைப்பதுதான் அடைவு. ‘கிளி அடைவு மரம்’ என்றால் கிளியைப் பிடித்து அடகு வைத்த மாதிரி இருக்குமாம். தமிழ்நாட்டிலோ பள்ளிக்கூடத்து அடைவுத் தேர்வு நினைவுக்கு வரும்.

அடுத்தது நம் மடற்குழு ஐயா தந்த ‘சேக்கை’. மனத்தைத் தொட்ட சொல், மறுக்கவில்லை. படுக்கை, விலங்கும் பறவையும் தங்கும் இடம் என்று பழந்தமிழில் பொருள் இருக்கிறது. பகல் இரவு வழக்கும் வராது. ஆனால் போன ஞாயிறு ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் நீட்டினேன். ஒருவன் பேனாவை வாங்கி நடுவில் ஒரு ‘ர்’ போட்டுச் ‘சேர்க்கை’ என்று திருத்திக் கொடுத்தான். மாணவர் சேர்க்கை! ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு போட்டுத்தான் இந்தச் சொல்லை வாழவைக்க முடியும் என்றால், துண்டறிக்கைக்கு அது தாங்காது.

ஆனால் ‘அடை’ என்ற வினையை விட எனக்கு மனமில்லை. தஞ்சைப் பக்கம் என் ஆத்தா “பட்சி அடையுற நேரத்துல தூங்காதே” என்பார். பொழுதே அடையும் நம் பேச்சில். “பொழுதடைஞ்சு போச்சு, விளக்கைப் போடு.” இப்படி நாக்கில் இருக்கிற வினையை விட்டுவிட்டு அகராதிக்குள் ஏன் போக வேண்டும்? அதனால் ‘அடையிடம்’ என்று வைத்துக்கொள்கிறேன். அத்தி மரமானால் அடைமரம். கூட்டமாக வந்து சேர்ந்தால் கூட்டடையிடம், ஓதத்தின்போது ஒதுங்குவது ஓத அடையிடம். வினை எப்போதும் போல ‘அடைகின்றன’.

‘அடைகாத்தலோடு குழம்பாதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் குழம்பும். ஆனால் முட்டை விஷயத்தில் நாம் வெறுமனே ‘அடைகிறது’ என்பதில்லை. அடைகாக்கிறது, அடை கிடக்கிறது என்றுதான் சொல்கிறோம். போய்ச் சேரும் இடம் என்றும் அடையிடத்தைப் படிக்கலாம். அதற்காகத் தலைப்பில் ‘பறவை அடையிடம்’ என்றே போட்டுவிட்டேன்.

லோரிகீட்டுக்குத் ‘தேன்கிளி’ என்று சொன்னவருக்குத் தனி நன்றி. நாக்கு நுனியில் தூரிகை மாதிரி மயிரிழைகளை வைத்துக்கொண்டு தேனும் மகரந்தமும் நக்குகிற கிளிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும், தேன்சிட்டு வேறு முன்பே இருக்கிறது. ரோசெல்லா என்ற இன்னொரு கிளியின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். பரமட்டா பக்கத்து ரோஸ் ஹில் என்ற ஊர்ப்பெயர்தான் திரிந்து ரோசெல்லா ஆனது என்பார்கள். நாங்கள் தினமும் கடக்கிற ஊர்.

பெர்த் நண்பர் அங்கே 1960களில் தப்பிப் பெருகிய லோரிகீட்டுகளை விரட்டுகிற வேலைக்குச் சொல் கேட்டிருந்தார். அதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். தினைப்புனத்துப் பெண்கள் அன்றே செய்த வேலை, கிளி கடிதல் (கடிதல் என்றால் விரட்டுதல்).

துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்டோபரில் வரும் 20 நிமிடப் பறவைக் கணக்கெடுப்புக்குள் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். ‘அடையிடம்’ காதில் உறுத்தினால் புதன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். பரமட்டா ஆற்றோரம் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்குகிற இடத்தை இங்கே ரூஸ்ட் என்பதைவிடக் ‘கேம்ப்’ என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். முகாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சேக்கையை அந்த வௌவால்களுக்குக் கொடுத்துவிடலாமா?

அன்புடன்,
மேற்குச் சிட்னியிலிருந்து