ஐ.வி. 0.80-ஆ, 0.76-ஆ? லேபில் இதனால் சண்டை வந்தவர்கள் சொல்லுங்கள்

ஷிப்ட் லேப்
தண்ணீர் பாட்டிலுக்கு பிரிஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்குவதற்கு முந்தைய வடிவம்) போடும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பெட் (PET) பிளாஸ்டிக் சிப்ஸ் ஒரு லாட் வந்தது, சப்ளையர் சான்றிதழில் ஐ.வி. (பாலிமர் சங்கிலி எவ்வளவு நீளம் என்று காட்டும் பாகுநிலை எண்) 0.80, எங்கள் லேபிலும் 0.80. ஆனால் கஸ்டமர் அனுப்பிய வெளி லேபில் 0.76 என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. சிப்ஸ் ஈரம் குடித்துவிட்டது, லாட்டைத் திருப்பு என்று ஒரே கூச்சல். அட, ஈரம் இருந்தால் எக்ஸ்ட்ரூடரில் உருகும்போதுதானே பாலிமர் சங்கிலியை வெட்டும், சும்மா மூட்டையில் கிடக்கிற சிப்ஸுக்கு ஐ.வி. எப்படி இறங்கும்? அதனால்தானே 50 பி.பி.எம்-க்குக் கீழே உலர்த்திவிட்டு ஓட்டுகிறோம்.

கடைசியில் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு, சிப்ஸைக் கரைத்த கரைசலும் வெறும் கரைப்பானும் கேபிலரியில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில்) இறங்கிய நேரத்தை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கேயும் இங்கேயும் ஒரே கரைப்பான்தான், ஃபீனால் 60, டெட்ராகுளோரோஈத்தேன் 40. செறிவும் ஒன்றே, டெசிலிட்டருக்கு அரை கிராம். கரைப்பான் 100 விநாடியில் இறங்கினால் கரைசல் 146, அதாவது விகிதம் 1.46. இரண்டு லேபிலும் இதே விகிதம்! அவர்கள் 1.46-க்கு இயல் மடக்கை (ln) எடுத்து 0.5-ஆல் வகுத்திருக்கிறார்கள், 0.76. அது இன்ஹெரன்ட் விஸ்காசிட்டி. நாங்கள் பில்மேயர் சூத்திரத்தில் போட்டு, செறிவே இல்லாத நிலைக்கு நீட்டி எடுக்கிறோம், 0.80. இது இன்ட்ரின்சிக். சுருக்கினால் இரண்டுமே ஐ.வி.! வெறும் 0.46-ஐ 0.5-ஆல் வகுத்தால் 0.92 வரும், அது ரெடியூஸ்டு. நல்லவேளை அதை யாரும் போடவில்லை.

நூல் மில்
உங்களுக்காவது 0.04-இல் சண்டை. நாங்கள் நைலான் ஓட்டுகிறோம், இங்கே ரிலேட்டிவ் விஸ்காசிட்டிதான் பேச்சு, உங்கள் 1.46 மாதிரி வெறும் விகிதம். 96 சதவீத கந்தக அமிலத்தில் 2.5 பக்கம் வரும். ஒருமுறை வெளிநாட்டு டேட்டா ஷீட்டில் 45 என்று இருந்ததைப் பார்த்த புதுப் பையன், பாயின்ட் வைக்க மறந்துவிட்டார்கள் போல என்று பேனாவால் 4.5 ஆக்கிவைத்திருந்தான். தம்பி, அது ஃபார்மிக் அமிலத்தில் அளந்தது, செறிவும் பல மடங்கு அதிகம் என்று சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

பைப் கம்பெனி
பி.வி.சி.யில் இந்தத் தலைவலியே இல்லை, கே வேல்யூ. பைப்புக்கு 67, ஃபிட்டிங்ஸுக்கு 57 அல்லது 58, மூட்டையிலேயே அச்சடித்து வரும். அதுவும் கரைசல் பாகுநிலையிலிருந்து வருகிற எண்தான், ஆனால் இங்கே முக்கால்வாசிப் பேருக்கு அது ஏதோ கிரேடு நம்பர்.

எம்.எஸ்சி. லேப் அக்கா
வைவாவில் நான் கேட்கிற முதல் கேள்வியே, இன்ட்ரின்சிக் விஸ்காசிட்டியின் அலகு என்ன? பாஸ்கல் விநாடி, சென்டிபாய்ஸ் என்று வரிசையாக வரும். கிராமுக்கு டெசிலிட்டர் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஒரு கிராம் பாலிமர் கரைசலில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு விரிந்து கிடக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சங்கிலி நீளமானால் எண் ஏறும், அதே சங்கிலி பிடிக்காத கரைப்பானில் சுருண்டுகொண்டால் இறங்கும். அதனால்தான் இந்த எண்ணை மூலக்கூறு எடையோடு இணைக்கும் மார்க்-ஹவ்விங்க் சமன்பாட்டில் கே, ஏ என்ற மாறிலிகள் (பி.வி.சி. கே வேல்யூ வேறு) இரண்டும் கரைப்பானுக்கும் வெப்பநிலைக்கும் தகுந்தபடி மாறுகின்றன. கரைப்பான், வெப்பநிலை, செறிவு, சூத்திரம் நான்கும் எழுதாத ஐ.வி.யை நான் ரெக்கார்டில் கையெழுத்தே போடாமல் திருப்பிவிடுவேன்.

அப்புறம், பாட்டில் கிரேடு சிப்ஸ் லேசில் கரையாது, நன்றாக அரைத்துப் போடுங்கள். கரையாத ஜெல் ஒரு துளி கேபிலரியில் மாட்டினாலும் நேரம் கூடும், ஐ.வி. ஏறினதுபோல் காட்டும். ஃபீனால் கையில் பட்டால் முதலில் வலிக்காது, தோல் வெளுத்துப்போன பிறகுதான் தெரியும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஷிப்ட் லேப்
நன்றிக்கா. அந்த நான்கையும் சான்றிதழிலேயே எழுதித் தரச்சொல்லி சப்ளையருக்கு மெயில் போட்டாகிவிட்டது, வெளி லேபும் சூத்திரத்தை மாற்றி ரிப்போர்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இங்கே டைகுளோரோஅசெட்டிக் அமிலத்தில் பெட் அளப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த சப்ளையர் அந்த எண்ணோடுதான் வருகிறார்.