பேரரசு வரைபடங்களின் எல்லைக்கோட்டை வரைந்தவர் யார்?

மூக்குமலை (நகரி) கேட்ட கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பழைய பேரரசுகளின் வரைபடங்கள் மீது எனக்குச் சிறு வயது முதலே தீராத மோகம் உண்டு. நான் படித்த பள்ளியில், துணியில் ஒட்டி மேலும் கீழும் மரச்சட்டம் அடித்த சோழப் பேரரசு வரைபடம் ஒன்றைச் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பார்கள். வரலாற்று வகுப்பு நாளில் அதைத் தூக்கி வந்து ஆணியில் மாட்டுவது என் வேலை. சுருள் அவிழ்ந்ததும் குமரியிலிருந்து கிளம்பும் சிவப்பு நிறம் கிழக்குக் கரை வழியே மேலேறி, கடலைத் தாண்டி மலாய்க் கரையில் உள்ள கடாரத்திலும் தெரியும். நகரி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், பிள்ளைகள் விரல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சாயம் போய் வெள்ளை நூல் தெரிந்தது.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் காலத்து வரைபடம் கையில் கிடைத்தாலும் முதலில் எங்கள் ஊர் எந்த நிறத்துக்குள் வருகிறது என்றுதான் பார்ப்பேன். அண்மையில் பேரனின் பாடநூலைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் நாங்கள் பல்லவர், அடுத்த பக்கத்தில் சோழர், அதற்கும் அடுத்த பக்கத்தில் ராஷ்டிரகூடர். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லைக்கோடு கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'விஜயநகர காலத்து அசல்' என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட வரைபடத்தில் விஜயநகரம் என்ற பெயரே இல்லை. 'நர்சிங்கா' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: இந்த எல்லைக்கோடுகளுக்கு ஆதாரம் என்ன? அந்த மன்னர்களிடமே வரைபடம் இருந்ததா, அல்லது பிற்காலத்தவர் மனம் போனபடி வரைந்தவையா?

கல்வெட்டு வாசகி (திருத்தணி) எழுதிய பதில்:

வணக்கம் ஐயா. சோழர் காலத்து வரைபடம் என்று எதுவும் இன்று நம்மிடம் இல்லை. நீங்கள் ஆணியில் மாட்டிய படம் முழுக்க இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். ஒரு மன்னனின் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் கல்வெட்டுகள் கிடைத்த ஊர்களைப் புள்ளிகளாகக் குறித்து, மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னனின் புகழுரை) சொல்லும் வெற்றிகளையும் சேர்த்துக்கொண்டு, வெளிப்புறப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்து, உள்ளே நிறம் தீட்டி விடுகிறார்கள். புள்ளிகளுக்கு ஆதாரம் உண்டு. கோட்டுக்கு இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அதன் பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுக் காலம் தொண்டை மண்டலத்துக் கோயில்களில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்', அதாவது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், பெயரில் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. சோழ மன்னன் முதலாம் ஆதித்தனின் கல்வெட்டு உள்ள திருக்கழுக்குன்றத்திலேயே கன்னரதேவனின் கல்வெட்டும் இருக்கிறது. பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில் அவன் பாசறை அமைத்திருந்ததை 959-ஆம் ஆண்டின் கர்காட் செப்பேடு சொல்கிறது. அதே மேல்பாடியில்தான் பிற்பாடு முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு அரிஞ்சிகை ஈசுவரம் என்னும் பள்ளிப்படைக் கோயிலை, அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டும் கோயிலை, எழுப்பினான். எனவே உங்கள் பேரனின் பாடநூல் பொய் சொல்லவில்லை. அடுத்தடுத்த பக்கங்களில் நிறம் மாறியது நியாயமே. ஆனால் நிறம் மாறிய அந்த 20 ஆண்டுகளில் கோயில் விளக்குக்கு நெய் அளந்தவர்களுக்கு என்ன மாறியது என்பதை எந்த நிறமும் காட்டாது.

கடாரத்துச் சிவப்பை நான் இன்னும் கடுமையாகவே பார்க்கிறேன். 1025 அளவில் இராசேந்திரனின் கடற்படை சுமத்ரா, மலாய்ப் பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கியதை மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம் எல்லாம் அதில் வருகின்றன. அது படையெடுப்பு. தஞ்சை மண்டலத்தில் நிலவரி வாங்கியது போல அங்கே வாங்கியதற்குச் சான்று கிடையாது. ஆந்திரக் கடற்கரையில் இருந்த வேங்கி நாட்டின் நிலைமை மூன்றாவது வகை. இராசராசனின் மகள் குந்தவையை மணந்த விமலாதித்தனின் வழியினர் அங்கே ஆண்டார்கள். அவ்வழி வந்த பேரனே 1070-இல் சோழ அரியணையில் முதலாம் குலோத்துங்கனாக அமர்ந்தான். நேரடி ஆட்சி, மண உறவு, ஒரு முறை நடந்த தாக்குதல் ஆகிய மூன்றையும் ஒரே சிவப்பில் தோய்த்தெடுப்பதுதான் பேரரசு வரைபடம். பார்க்க அழகாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாலக்காட்டு வரைபடப் பித்தன் எழுதிய பதில்:

மூக்குமலை ஐயாவுக்கு வணக்கம். என்னையும் உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட இடமில்லை.

நர்சிங்கா என்பது விஜயநகரமேதான். விஜயநகர மன்னன் சாளுவ நரசிம்மனின் பெயரைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதையே நாட்டின் பெயராக எழுதிக்கொண்டார்கள். 1570-இல் ஐரோப்பிய வரைபடக்காரர் ஆர்ட்டெலியஸ் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பிலும், அதற்குப் பின் வந்த பலவற்றிலும் அந்தப் பெயரைக் காணலாம். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகர் பாழாகி, அரசு பெனுகொண்டாவுக்கும் பிறகு உங்கள் அண்டை ஊரான சந்திரகிரிக்கும் நகர்ந்த பின்னரும் நர்சிங்கா மட்டும் அசையாமல் காகிதத்தில் ஆண்டுகொண்டிருந்தது. செய்தி போய்ச் சேர நாளானது ஒரு காரணம். மற்றொன்று தொழில் சார்ந்தது. அந்தப் படங்கள் செப்புத் தகட்டில் கூரிய உளியால் செதுக்கி அச்சிடப்பட்டவை. தகட்டில் புதிதாக ஓர் ஊரைச் சேர்ப்பது எளிது. இருக்கும் எழுத்தை நீக்க வேண்டுமானால் பின்புறமிருந்து சுத்தியலால் தட்டி மேடாக்கி, முன்புறத்தைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து, வீழ்ந்த அரசை விட்டுவைத்த பதிப்பாளர் பலர்.

உங்களிடம் உள்ளது அசலா என்பதை நீங்களே சோதிக்கலாம். நல்ல உருப்பெருக்கி ஒன்றை எடுத்து நிறமுள்ள பகுதியைப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு. அசலாக இருந்தால் படத்தைச் சுற்றிலும் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதம் வார்த்த சல்லடையின் கோடுகள் தெரியும். பழைய பச்சைச் சாயம் செம்பிலிருந்து செய்யப்பட்டதாகையால் காகிதத்தை அரித்து, பின்பக்கம் பழுப்பாகக் கசிந்திருக்கும். சட்டத்தைக் கழற்றாமல் எதையும் நம்ப வேண்டாம்.

எல்லைக்கோடு இல்லாமலேயே ஒரு பேரரசை வரைய முடியும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வியன்னாவில் பியூட்டிங்கர் வரைபடம் என்ற பெயரில், முன்பு சுருளாக இருந்த ஒரு தோல் படம் இருக்கிறது. ரோமானியப் பேரரசின் சாலைப் படத்தை இடைக்காலத்தில் படியெடுத்தது. நீளம் ஏறத்தாழ ஆறே முக்கால் மீட்டர், உயரம் ஒரு முழம் கூட இல்லை. அந்த வடிவத்துக்குள் அடங்க வேண்டுமென்று உலகத்தையே அப்பளம் போலத் தேய்த்து நீட்டியிருக்கிறார்கள். அதில் நாட்டு எல்லை என்று ஒரு கோடு கூடக் கிடையாது. சாலைகளும், ஊர்களும், ஊருக்கு ஊர் தொலைவும்தான். இந்தியா வருகிற வலப்புற ஓரத்தில் சேரர் துறைமுகமான முசிறி இருக்கிறது, அதன் அருகே அகஸ்டஸ் கோயில் என்று எழுதி ஒரு சிறு கட்டடமும் வரையப்பட்டிருக்கிறது. நம் மேற்குக் கரையை முதன்முதலில் அதில் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கிலிக்காரர் (பள்ளிப்பட்டு) எழுதிய பதில்:

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். திருத்தணி அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எல்லைக்கோடு என்பதே பிற்காலக் கற்பனை என்ற எண்ணம் இங்கே வந்துவிடக் கூடாது. ஊருக்கு எல்லை உண்டு, அது மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும். சோழர் செப்பேடுகளைப் பாருங்கள்: ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, 'கல்லும் கள்ளியும் நாட்டி', கீழ்பாற்கெல்லை இந்த வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இந்த ஏரிக்கரைக்கு வடக்கு என்று அடி அடியாக எழுதி வைத்தார்கள். 'உடும்போடி ஆமை தவழ்ந்தது', அதாவது உடும்பு ஓடும், ஆமை தவழும் நிலம், வரை எதையும் விடவில்லை. நிலத்தை உலகளந்த கோல் கொண்டு அளந்து பின்னத்துக்குள் பின்னமாகக் கணக்கு வைத்தவர்கள் அவர்கள். படமாக வரையாமல் சொல்லாக வைத்தார்கள், அவ்வளவே. ஊருக்கு இருந்த அந்தக் கூர்மையான கோட்டைப் பேரரசுக்கும் இருந்ததாகக் காட்டுவதுதான் தவறு.

நாங்கள் வேலை செய்த முறையும் அதுவே. சங்கிலி என்றால் 66 அடி, 100 லிங்க். புலப்படத்தில் (ஒவ்வொரு நிலத்துக்கும் வரையும் அளவைப் படம்) ஒவ்வொரு வளைவுக்கும் லிங்க் கணக்கு உண்டு. மூன்று ஊர் எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட டிரைஜங்ஷன் கல்லைத் தேடிக் காரை முள்ளில் வேட்டி கிழிந்த நாட்கள் எத்தனையோ. இதற்கெல்லாம் மேலே, நாடு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் வேலையை ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்து தொடங்கினார். கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கிவிட்டது. அவரே உட்கார்ந்து ஆறு வாரம் தட்டிச் சரி செய்தார். இன்றும் பல குன்றுகளின் உச்சிப் பாறையில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஆங்கிலேயப் பேரரசு தான் ஆண்ட நிலத்தைக் கோட்டுக்குள் அடக்கியது அந்தப் புள்ளிகளிலிருந்துதான்.

இப்போது நம் எல்லைக்கு வருகிறேன். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆர்க்காட்டிலிருந்து திருத்தணியும் புத்தூரும் அதில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அங்கேயே போயின. பிறகு எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும், புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. அப்போது மொழிக் கணக்குக்கு அலகாக எடுத்துக்கொண்டது கிராமத்தை. அதாவது இன்று படத்தில் நீங்கள் காணும் மாநில எல்லை புதிதாகக் கீறிய கோடு அல்ல. ஊர் எல்லைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துச் சேர்த்தது. அதனால்தான் அது அப்படி வளைந்து நெளிந்து ஓடுகிறது. நான் அளந்த ஒரு கிராமத்தில் வீட்டுமனை தமிழ்நாட்டில், நெல் வயல் ஆந்திரத்தில். பட்டா ஒன்று தமிழில், ஒன்று தெலுங்கில்.

கல்வெட்டு வாசகி (திருத்தணி):

ஐயா சொல்வது முற்றிலும் சரி, என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் ஆய்விலும், கல்வெட்டுகளில் வரும் ஊர்களை இன்றைய கிராமங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திய பிறகே, 'நாடு' என்று அழைக்கப்பட்ட ஊர்த் தொகுதிகளின் பரப்பு புலப்பட்டது. கீழிருந்து மேலே போனால் கோடு கிடைக்கிறது. மேலிருந்து கீழே வந்தால் நிறம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

மூக்குமலை (நகரி):

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை சட்டத்தைக் கழற்றிப் பேரனின் உருப்பெருக்கியால் பார்த்தேன். நர்சிங்காவின் பச்சை முழுக்க நீலமும் மஞ்சளுமான புள்ளிகள். தகட்டுப் பள்ளமும் இல்லை. 4,500 ரூபாய் போனதில் வருத்தம்தான், ஆனாலும் படத்தைத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டேன்; கண்ணுக்கு அது இன்னும் அழகாகவே இருக்கிறது.

பேரனும் நானும் இப்போது வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறோம். எங்கள் தாலுகா வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் பார்த்து, சோழர் கல்வெட்டு உள்ள ஊர்களைச் சிவப்புப் புள்ளியாக வைக்கிறோம். இது வரை 11 புள்ளிகள் வைத்திருக்கிறோம். நடுவே நிறைய வெற்றிடம். அதை நிரப்பலாமா என்று பேரன் கேட்டான், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கல்வெட்டு வாசகி (திருத்தணி):

கன்னரதேவன் கல்வெட்டுகளுக்கு வேறு நிற மை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரண்டும் வந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைக்காமல் பக்கத்தில் வைத்து, ஆட்சியாண்டை எழுதிவிடுங்கள். மேல்பாடியில் உங்களுக்கு இடம் போதாது. அங்கே சற்றுப் பெரிய வட்டமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.