முள் குத்திய இடம் மூடிவிட்டது என்று விட்ட குதிரை

கானாடுகாத்தான் பக்கத்து அன்பர்:

நான்கு ஆண்டுகள் ஆகியும் மனத்தை விட்டுப் போகாத ஒன்றை எழுதுகிறேன். எல்கை வண்டிப் பந்தயத்திற்குப் பழக்கிக்கொண்டிருந்த எங்கள் செவலைக் குதிரைக்குக் கண்மாய்க்கரையில் சீமைக்கருவேல முள் குத்திவிட்டது, பின்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலே. முள்ளைப் பிடுங்கி, மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினோம். இரத்தம்கூட அதிகம் வரவில்லை; மூன்றாம் நாள் துளை மூடியதும் மறந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் காட்டப் போனேன். தாடையில் கைவைத்து முகத்தை நிமிர்த்தியதும், கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு நழுவி வந்து பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. வால் விறைத்துத் தூக்கி நின்றது. வாளிக்குள் வாயை வைத்த குதிரையால் ஒரு வாய்த் தண்ணீர் உறிஞ்ச முடியவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. மஞ்சளை நம்பித் தடுப்பூசியைப் பற்றி நினைக்காமல் இருந்தது நான்தான்.

பள்ளத்தூர்க்காரர்:

உங்கள் இழப்பு பெரிது, ஆனால் மஞ்சளின் மேல் பழி விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அப்பச்சி ஜட்கா வண்டி வைத்திருந்த காலத்தில், கழுத்துப்பட்டை உரசித் தோள் புண்ணான குதிரைக்கு மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தவிர வேறு எதையும் போட்டதில்லை. இருபது நாளில் ஆறியது. புண் இருந்த இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக முளைத்ததை அப்பச்சி என் கையைப் பிடித்துத் தடவிக் காட்டியது இன்றும் நினைவிருக்கிறது.

தேவகோட்டைக்காரர்:

பள்ளத்தூர் அண்ணன் சொல்வது உரசல் புண், மேலே திறந்திருப்பது. அதுவும் அந்த இருபது நாள் வண்டியில் பூட்டாமல் விட்டதால்தான் ஆறியிருக்க வேண்டும். முள் குத்து அப்படியன்று. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமி காற்றுப் புகாத ஆழத்தில்தான் வளர்கிறது, ஆகவே வாய் மூடிய சிறு துளைதான் அதற்கு வசதி. எங்கள் குதிரைக்கு முள்கம்பி கிழித்தது முழங்காலுக்குக் கீழே. யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பைத் தடவினோம், தோல் வெந்து, கொய்யாப்பழம் அளவுக்குச் சதை பிதுங்கி வளர்ந்து, கடைசியில் மருத்துவர் அதை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். காயத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அழுக்கு போகும்வரை ஊற்றிக் கழுவுங்கள். பொவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்திற்கு நீர்த்த பிறகே பயன்படுத்துங்கள். நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் தசையையும் அரித்துவிடும், அது வேண்டாம். வேப்பெண்ணெயை ஈ மொய்க்காமலிருக்கக் காயத்தைச் சுற்றித் தடவலாம், உள்ளே அல்ல. தையல் போட வேண்டிய கிழிசல் என்றால் பொடியோ களிம்போ எதையும் பூசாமல், முதல் ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குள் மருத்துவரை வரவழையுங்கள். மூட்டுக்கு அருகில் குத்தி, மஞ்சள் நிறத்தில் நூல்போல இழுபடும் நீர் கசிந்தால் அது மூட்டு நீராக இருக்கலாம். துளை எவ்வளவு சிறிதானாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். ரணஜன்னித் தடுப்பூசி முதலில் நான்கு வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. போடாத குதிரைக்குக் காயம் பட்டால் உடனடியாக எதிர்நச்சு ஊசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கானாடுகாத்தான் அன்பர்:

மஞ்சளின் மேல் எனக்குக் கோபமில்லை, பள்ளத்தூர் அண்ணே. அதைக் கட்டியதோடு மருத்துவம் முடிந்தது என்று எண்ணியதுதான் என்னை வருத்துகிறது. முள் முழுதாக வந்ததா, நுனி உள்ளே ஒடிந்து நின்றதா என்று அன்று நான் பார்க்கவில்லை. இப்போது ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது. ஊசி போட்ட தேதியை லாயத்துக் கதவில் எழுதி வைத்திருக்கிறேன். மேய்ந்து திரும்பியதும் நான்கு கால்களையும் குளம்புவரை கையால் தடவிப் பார்த்த பிறகுதான் கொள்ளு வைக்கிறேன்.